உடற்பருமனும் இரத்தத்தில் கனலும் அழற்சியும்

(பீடோங் வட்டார மக்களுக்காகக் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற சுகாதார நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



'உடற்பருமனும் நோய்களும்' என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அது கடல் போன்ற தலைப்பு. அதில் எனக்குத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். நான் மருத்துவர் அல்லள். முப்பத்தோர் ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வெள்ளை உடை அணிந்த பெண்களை எல்லாம் 'மிஸ்ஸி' என்று அழைப்பது நம் ஊர் வழக்கம். அந்த வகையில் நானும் பலருக்கு மிஸ்ஸிதான். எனக்குத் தெரிந்தவை சிறு குழாய்களில் வந்து சேரும் இரத்தமும், அதிலிருந்து வெளிவரும் எண்களும். அந்த எண்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அண்மைக் காலமாகப் பலர் தனியார் பரிசோதனைக் கூடங்களில் 'முழுப் பரிசோதனை' செய்துகொண்டு, நான்கைந்து பக்கத் தாளைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். "அக்கா, இதில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறான், இது என்ன?" என்று கேட்கிறார்கள். நட்சத்திரம் சீனிக்கோ கொழுப்புக்கோ போட்டிருந்தால் அவர்களுக்கே தெரியும். புரியாத இடம் 'சி.ஆர்.பி.' என்ற வரி. விரித்துச் சொன்னால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். தமிழில் இதை அழற்சியைக் காட்டும் புரதம் என்று சொல்லலாம்.

அழற்சி என்றால் என்ன என்று பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. வெட்டுக் கத்தி கட்டைவிரலில் பட்டுவிட்டால் மறுநாள் அந்த இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கும் சேர்ந்ததே அழற்சி. கிருமியை எதிர்க்கவும் புண்ணை ஆற்றவும் உடம்பு அனுப்புகிற படை அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. வேலை முடிந்ததும் படை கலைந்துவிடும், விரலும் பழையபடி ஆகிவிடும்.

இந்தப் படை புறப்படும்போது கல்லீரலுக்கு ஒரு செய்தி போகிறது. செய்தி கிடைத்ததும் கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. ஆறு மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கும். இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். காரணம் நீங்கிவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதி பாதியாக இறங்கிவிடும். 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற பொருளோடு இது வினைபுரிந்ததால் அந்த எழுத்தே பெயராகிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பரிசோதனை காய்ச்சல்காரர்களுக்கும் மூட்டுவாத நோயாளிகளுக்கும் உரியதாகத்தான் இருந்தது. நல்ல நிமோனியா என்றால் லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் என்று எண் பறக்கும். 3, 5 என்ற சிறு எண்களை அப்போது யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அவ்வளவு நுட்பமாக அளக்கப் பழைய முறைகளால் முடியவும் முடியாது.

1990-களில் நுண்ணிய அளவையும் காட்டும் கருவிகள் வந்தன. அப்போதுதான் விசித்திரம் வெளிப்பட்டது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, வலி இல்லை. பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் சிலருக்கு இந்த எண் 1-க்குக் கீழே இருந்தது. வேறு சிலருக்கு 3, 4, 6 என்று ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. அடுப்பில் தீ எரியவில்லை, ஆனால் சாம்பலுக்கு அடியில் கங்கு அணையவில்லை என்பதுபோல. 1997-இல் பால் ரிட்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும், இப்படிக் கனன்றுகொண்டிருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்தன என்று காட்டினார்கள்.

யாருக்கு இந்தக் கங்கு அணையாமல் இருக்கிறது? 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தைப் பார்த்தது. உடற்பருமன் உள்ள ஆண்களுக்கு சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும் வாய்ப்பு, இயல்பான எடை உள்ள ஆண்களைவிட இரு மடங்குக்குச் சற்று அதிகம். பெண்களில் அது ஆறு மடங்கு. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆறு மடங்கு.

கொழுப்பு என்பது வெறும் சேமிப்பு, பஞ்சத்துக்கு உதவும் மூட்டை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1993-இல் ஹார்வர்டில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்பு டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தானாகவே சுரக்கிறது என்றும், அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்றும் கண்டார்கள். (இங்கே ஒரு சிறு வேடிக்கை: நம் பீடோங்கிலும் ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு தோட்டம் உண்டு. இது அந்த ஹார்வர்ட் அன்று.) 2003-இல் இன்னும் தெளிவாயிற்று. பருத்த உடம்பின் கொழுப்புக்குள் இரத்த வெள்ளணுக்களைச் சேர்ந்த விழுங்கணுக்கள் கூட்டமாகக் குடியேறியிருப்பதை இரண்டு குழுவினர் தனித்தனியாகக் கண்டார்கள்.

அவை ஏன் அங்கே போகின்றன? பலசரக்குக் கடையின் பின்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டை அரிசி அடுக்கும் இடத்தில் முப்பது மூட்டை அடுக்கினால் அடியில் இருக்கும் மூட்டை கிழியும். அரிசி சிந்தும், எலி வரும், எலியைப் பிடிக்கப் பூனை வரும். இராத்திரி முழுவதும் ஒரே அமளி. கொழுப்பு அணுவும் அளவுக்கு மீறி ஊதினால் காற்றும் இரத்தமும் சரியாகக் கிடைக்காமல் திணறி மடிகிறது. மடிந்ததை அப்புறப்படுத்த விழுங்கணுக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. மூட்டை வந்துகொண்டே இருப்பதால் அவற்றின் வேலையும் முடிவதே இல்லை. விரல் காயத்துக்குப் போன படை கலைந்துவிடும் என்றேன் அல்லவா? இந்தப் படை கலைவதில்லை.

இந்த அமளியிலிருந்து டி.என்.எஃப்., ஐ.எல்.-6 என்ற இரு பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரலுக்குப் போகும் செய்தி என்று சொன்னேனே, அதுதான் இந்த ஐ.எல்.-6. வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. ஆகையால் தொடையில் இருக்கும் கொழுப்பைவிட, தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பு கல்லீரலை அதிகம் தொல்லைப்படுத்துகிறது. கல்லீரல் சி.ஆர்.பி.-யைச் சுரக்கிறது, நாளடைவில் தானும் கொழுப்பேறி நோய்வாய்ப்படுகிறது. மற்றொரு பக்கம், இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் தசைகள் கதவைத் திறப்பதில்லை. சீனி வெளியிலேயே நிற்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஒரு நாள் களைத்துவிடுகிறது. அன்றைக்குத்தான் நமக்கு 'இனிப்பு நீர்' என்று பெயர் சொல்கிறார்கள். ஆனால் கதை தொடங்கிப் பத்து ஆண்டு ஆகியிருக்கும்.

கொழுப்பு சுரக்கும் பொருள்களில் நல்லதும் ஒன்று உண்டு. அடிப்போனெக்டின் என்று பெயர். அது அழற்சியை அடக்கும், இன்சுலினுக்குத் துணை நிற்கும். உடம்பு பருக்கப் பருக்க மற்றவை எல்லாம் கூடும்போது இது மட்டும் குறைகிறது.

இரத்தக் குழாய்களில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இழவு விழுவது அங்கேதான். மாரடைப்பு என்றால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்து கடைசியில் முழுதாக அடைபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வருவதும் உண்டு. ஆனால் திடீர் மரணங்கள் பலவற்றில் குழாய் பாதிகூட அடைபட்டிருக்காது. சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்மூடி அழற்சியால் மெலிந்து, ஒரு நாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் வழியை மூடிவிடுகிறது. முதல்நாள் நடந்து போனவர், சிரித்துப் பேசியவர், நெஞ்சுவலி என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர் மறுநாள் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அப்படி ஒருவர் போனார். நாற்பத்தாறு வயது. பெயர் வேண்டாம். அவருடைய தம்பி லாரி ஓட்டுபவர், அப்போது நாற்பத்து நான்கு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். "அக்கா, அண்ணன் குண்டு இல்லையே, கை கால் எல்லாம் ஒல்லிதானே, அவருக்கு ஏன் வந்தது?" என்று கேட்டார். அவர் முன்னால் நின்ற நிலையைப் பார்த்தேன். அவரும் அண்ணனைப் போலத்தான். மெலிந்த கால், மெலிந்த கை, சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்திருக்கும் வயிறு.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் புனேவுக்குப் போக வேண்டும். அங்கே சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற நீரிழிவு நிபுணர் இருக்கிறார். அவரும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின் என்ற மருத்துவரும் சேர்ந்து 2004-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் தங்கள் இருவரின் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்து பார்த்தால் ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. தராசு ஒன்றைச் சொல்கிறது, உடம்பு வேறொன்றைச் சொல்கிறது. பிறக்கும்போதே இந்த வேறுபாடு தொடங்குகிறது என்பதும் யாஜ்னிக் குழுவினரின் முடிவு. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தை எடையில் சிறியது, தசையில் மெலிந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பில் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் குண்டுக் குழந்தை!

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 'கியூர்ஸ்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார்கள். அதன் ஒரு பகுதி 2005-இல் வெளிவந்தது. அதில் நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. நீரிழிவுக்கும் சி.ஆர்.பி.-க்கும் உள்ள உறவுக்கு நடுவே நிற்பது உடம்புக் கொழுப்புதான் என்றும் அவர்கள் கண்டார்கள். நம் இரத்தம், நம் சாப்பாடு, நம் உடல்வாகு. ஆகவே இது வெள்ளைக்காரர் கணக்கு, நமக்குப் பொருந்தாது என்று ஒதுக்க வழியில்லை.

நம் நாட்டுக் கணக்கு இதைவிடக் கசப்பானது. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடற்பருமன். 2023-இல் அது 54.4 விழுக்காடு ஆயிற்று. 2019-இல் இன வாரியாகப் பார்த்தபோது முதலிடம் நமக்கு: 63.9 விழுக்காடு. நீரிழிவில் நாட்டின் சராசரி 18.3, இந்தியர்களில் 31.4. இந்த வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் மூன்று பேருக்கு. போட்டிகளில் பரிசு வாங்கும்போது பத்திரிகையில் படம் போடுகிறோம். இந்த முதலிடத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

நான் பிறந்தது இந்தப் பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிரட்டுக்குப் போய், ஐந்நூறு மரம் வரை வெட்டி, பிறகு பாலெடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் கொட்டாய்க்கு நடப்பார். காலையில் வரக்காப்பி. பழைய சோறும் கருவாடும் எடுத்துப் போவார். அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. இரத்தச் சோகையும் குடற்புழுவும் பிள்ளைச் சாவும் லயத்துக்கு லயம் இருந்தன. அரை வயிற்றோடு சுமந்த தாய்மார்கள் பெற்ற பிள்ளைகள்தாம் நாம். புனேயில் யாஜ்னிக் அளந்த குழந்தைகளைப் போன்றவர்கள். பஞ்சத்துக்குத் தயாராக வந்த உடம்பை நாம் தட்டு நிறைந்த காலத்தில் வைத்திருக்கிறோம்.

தோட்டங்கள் செம்பனையாயின, வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வேலை மெலிந்தது, பசியாறுவது மட்டும் கொழுத்தது. காலையில் ரொட்டி சானாய் இரண்டு, டின் பால் ஊற்றிய தே தாரேக் ஒன்று. பத்து மணிக்கு நாசி லெமாக். சாயங்காலம் வடை, மறுபடி தே. தே தாரேக் நம் நாட்டின் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிளாஸில் எத்தனை கரண்டி சீனி என்று கடைக்காரரே எண்ணுவதில்லை.

அந்த லாரித் தம்பியிடம் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். ஆசிய ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. பி.எம்.ஐ. எண்ணும் நமக்கு 25 அன்று, 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். சீனி எல்லைக்கோட்டில், இரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூடுதல், டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பு குறைவு. அண்ணனின் கதையைக் கேட்டு மருத்துவர் சி.ஆர்.பி.-யும் பார்க்கச் சொன்னார். 4.6. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 4.4. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. அது தொப்பை பேசும் பேச்சு.

இரண்டு முறை எடுத்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பரிசோதனை நல்ல வேலைக்காரன், ஆனால் வாயாடி. சளி, இருமல், டிங்கி, பல் ஈறில் சீழ், முழங்கால் வாதம், புகைபிடித்தல், சில ஹார்மோன் மாத்திரைகள் எதுவானாலும் எண் ஏறிவிடும். 10-க்கு மேலே போனால் முதலில் வேறு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் இருதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். காய்ச்சல் முடிந்து இரண்டு வாரமாவது ஆகாமல் எடுக்கவே கூடாது. 2003-இல் அமெரிக்க இருதயச் சங்கம் வகுத்த அளவு இது: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். சில கூடங்கள் லிட்டர் கணக்கில் தராமல் டெசிலிட்டர் கணக்கில் தருவார்கள். அங்கே 0.3 என்று இருந்தால் அது நம் கணக்கில் 3. "எனக்கு அரைதான், ஒன்றுகூட இல்லை" என்று மகிழ்ந்து வந்த ஒருவருக்கு அது 5 என்று விளக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

ஓர் அம்மையார், ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்கு வந்து விற்ற ஒரு கூட்டத்தார் விரலில் குத்தி ஏதோ கருவியில் வைத்து, "உங்கள் இரத்தத்தில் அழற்சி முற்றிவிட்டது" என்று பயமுறுத்தி, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் தூள் என்று எண்ணூறு வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர் தூளை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் பார்த்தபோது வாயின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். பல்லைப் பிடுங்கி மருந்து கொடுத்த பிறகு சி.ஆர்.பி. தானாக இறங்கியது. ஏறிப்போன சீனியை இறக்கத்தான் நான்கு மாதம் ஆயிற்று. இரத்தத்தைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அம்மா. எந்தத் தூளும் வேண்டாம்.

சி.ஆர்.பி. புகை போன்றது, நெருப்பு அன்று. பிறவியிலேயே சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரக்கும் மரபணு உள்ளவர்களை ஆராய்ந்தார்கள். அதனால் மட்டும் அவர்களுக்கு இருதய நோய் அதிகம் வரவில்லை. ஆகையால் புகையை ஊதிக் கலைப்பதில் பயனில்லை. எல்லாரும் இந்தப் பரிசோதனைக்குக் காசு கட்ட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். நீரிழிவு ஏற்கெனவே இருப்பவருக்குச் சிகிச்சை இன்னதென்று தெரியும், இந்த எண் புதிதாக ஒன்றும் சொல்லிவிடாது. கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் நடுநிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும். எண் குறைவாக வந்தவர்கள் கொண்டாடவும் வேண்டாம். 0.8 உள்ளவருக்கும் மாரடைப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்காக இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். உடம்பில் உள்ள இரும்புச் சத்தின் இருப்பைக் காட்ட ஃபெரிடின் என்ற பரிசோதனை உண்டு. அழற்சி இருந்தால் அதுவும் ஏறிவிடும். உள்ளே இரும்பு வற்றிக் கிடக்கும், தாளில் 'சரியாக இருக்கிறது' என்று வரும். பருமனாகவும் களைப்பாகவும் இருக்கும் பெண்கள் இரத்தச் சோகைக்குப் பரிசோதனை செய்யும்போது, மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

சரி, கங்கை அணைக்க முடியுமா? முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 'லுக் அஹெட்' என்ற ஆய்வில் பருமனான நீரிழிவு நோயாளிகளுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் கற்றுத் தந்தார்கள். ஓராண்டில் அவர்கள் தங்கள் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குச் சற்று மேல் குறைத்தார்கள். நூறு கிலோக்காரர் ஐம்பது கிலோ ஆகவில்லை, தொண்ணூற்றொன்று ஆனார், அவ்வளவுதான். அதற்கே சி.ஆர்.பி. 40 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு இறங்கியது 17 விழுக்காடு அளவில்தான்.

கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டால் சுலபமல்லவா என்று ஓர் இளைஞர் கேட்டார். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2004-இல் பதினைந்து பெண்களின் தோலடியிலிருந்து பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இரத்தத்தைப் பார்த்தால் சி.ஆர்.பி. அப்படியே இருந்தது, இன்சுலின் பேச்சையும் உடம்பு முன்போலவே கேட்கவில்லை. கடை முற்றத்தைப் பெருக்கினார்கள், பின்கட்டு அமளி நிற்கவில்லை. நடந்தும் அளவாக உண்டும் இளைக்கும்போது உடம்பு முதலில் கை வைப்பது அந்தப் பின்கட்டில்தான்.

மருந்தும் உண்டு. ஸ்டேட்டின் மாத்திரை கொழுப்போடு அழற்சியையும் குறைக்கிறது. 2008-இல் வெளிவந்த 'ஜூபிடர்' ஆய்வில், கொழுப்பு அவ்வளவு இல்லாமல் சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்திருந்தவர்களுக்கு அது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கணிசமாகக் குறைத்தது. 2017-இல் 'காண்டோஸ்' என்ற ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்து மாரடைப்பை ஏறக்குறைய 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் கிருமித் தொற்று சிலருக்குக் கூடுதலாக வந்தது, விலையும் மிக அதிகம். அழற்சி வெறும் சாட்சி அன்று, குற்றத்தில் அதற்கும் பங்குண்டு என்று அந்த ஆய்வு நிரூபித்தது. நம் கைக்கு எட்டும் மருந்தாக அது ஆகவில்லை. கிளினிக்கில் தரும் ஸ்டேட்டின் மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போடுகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. போடாதீர்கள்.

கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விரதம் உடம்புக்கு நல்லதா என்று கேட்கிறார்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்து மாலையில் உளுந்து வடை ஆறும் பாயசம் இரண்டு கிண்ணமும் சாப்பிட்டால் பின்கட்டில் மூட்டை குறையாது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் போடுவார்கள். திருவிழாக் காலத்தில் நானே இருவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். அன்னதானத்தில் பாயசத்தை நிறுத்துங்கள் என்று சொன்னால் சமையற்காரர் என் மேல் கரண்டியை வீசுவார். பரிமாறும் தம்பிகளிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் முறை சோறு போடும்போது வற்புறுத்தாதீர்கள். கூட்டும் கீரையும் கொண்டு வந்து வற்புறுத்துங்கள்.

லாரித் தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள. அவர் தே தாரேக்கை முழுதாக விடவில்லை, ஒன்றாக்கிக்கொண்டார், அதுவும் சீனி குறைத்து. சிகரெட்டை விட மூன்று முறை முயன்று மூன்றாம் முறை வென்றார். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியிலேயே தூங்காமல் முற்றத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்தார்களாம். மருத்துவர் ஸ்டேட்டின் கொடுத்தார், விழுங்குகிறார். பதினான்கு மாதத்தில் இடுப்பு 98-லிருந்து 91-க்கு வந்தது, சி.ஆர்.பி. 1.9. இன்னும் 90-க்கு வரவில்லை. அண்ணனின் வயதான நாற்பத்தாறைத் தாண்டிய அன்று மனைவியோடு கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்துவிட்டு, அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். அண்ணனின் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் இப்போது அவர்தான் பார்க்கிறார்.

வெளியே நுழைவாயில் அருகே மேசையில் ஐந்து நாடாக்கள் வைத்திருக்கிறோம். அளக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலுவார் இடுப்பு அளவு வேறு, இந்த அளவு வேறு. சிலுவாரைத் தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டு "எனக்கு 34 அங்குலம்தான்" என்று சொல்லும் அண்ணன்மார்களை நான் நன்கு அறிவேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக விட்ட பிறகு பார்க்க வேண்டும். எண்ணை ஒரு தாளில் எழுதித் தருவோம், பெயர் எழுதமாட்டோம். பெண்களுக்குத் தனி மறைப்பு கட்டியிருக்கிறது. ஆண்கள் 90, பெண்கள் 80. அதைத் தாண்டியவர்கள் அடுத்த வாரம் சுகாதார கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். சீனி, கொழுப்பு, கல்லீரல், இரத்தக் கொதிப்பு இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சி.ஆர்.பி. தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி கேட்க விரும்புபவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.